ஆரி வேலை: உறுப்பினர் வீடியோவுக்கு ஆள் சேரவில்லையா?

வணக்கம் சகோதரி. ஆரி எம்பிராய்டரி சொல்லித்தரும் உங்கள் யூடியூப் சேனலை ஆறாயிரம் பேர் பின்தொடர்ந்தும், மாதம் 159 ரூபாய் உறுப்பினர் திட்டத்தில் 4 பேர்தான் சேர்ந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைவேலையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சங்கிலித் தையலும் ஜர்தோசி என்கிற சரிகை வேலையும் இலவசமாகவே ஆயிரம் இடத்தில் கிடைக்கும்போது, அதே வீடியோவைப் பூட்டி வைத்தால் யார் காசு கொடுப்பார்கள்?

பாடத்தை இலவசமாகவே விடுங்கள். ட்ரேஸ் ஷீட்டை, அதாவது டிசைனை நகலெடுக்க பிரிண்ட் எடுக்கும் தாளை, மட்டும் உறுப்பினருக்கு வையுங்கள். பிளவுஸ் தைத்துக் கொடுப்பவருக்கு வாடிக்கையாளர் காத்திருக்கும்போது வேண்டியது அதுதான்: பின் கழுத்து மாங்காய் டிசைன், 34, 36, 38 அளவுகளில், அப்படியே மேலே பட்டர் பேப்பரை வைத்து வரைகிற மாதிரி. ஒரு ஓரத்தில் 5 செ.மீ. சதுரம் ஒன்று போட்டுவிடுங்கள். பிரிண்ட் கடையில் 'ஃபிட் டு பேஜ்' போட்டு எடுத்தால் டிசைன் சுருங்கிவிடும். அந்தச் சதுரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். நான் இதைப் போடாமல் விட்டு, ஒரு மாதம் முழுக்கத் திட்டு வாங்கினேன்!

அப்புறம், நூறு ரூபாயில் யூடியூப் 30 ரூபாயை எடுத்துக்கொள்ளும், கணக்கில் வையுங்கள். வாரம் ஒரு ஷீட் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முகூர்த்த மாதத்தில் ஆர்டரே கழுத்தை நெரிக்கும். மாதம் இரண்டு போதும். முதலில் அந்த 4 பேரிடமே எந்த டிசைன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.