காட்டு பங்களாவில் ஓர் இரவு: அனுமதி முதல் கணப்பு அணைப்பது வரை

கேள்வி: தை மாதக் கடைசியில், தேன்கனிக்கோட்டை – அஞ்செட்டி பக்கம் காட்டுக்குள் இருக்கும் வனத்துறையின் பழைய ஓட்டு பங்களாவில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று இருக்கிறோம். மொத்தம் ஆறு பேர். 70 வயது தாண்டிய அம்மாவும் எட்டு வயதுப் பையனும் அதில் உண்டு. அங்கே கரண்ட் இருக்காது, போன் எடுக்காது என்கிறார்கள். அனுமதி எப்படி வாங்குவது? என்னென்ன கொண்டுபோவது? எதற்கெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? — பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இந்த பங்களாக்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. காட்டைப் பார்வையிட வரும் அதிகாரி முகாம் போடுவதற்காகக் கட்டியவை. அந்தக் காலத்தில் அதிகாரி வந்தால் படுக்கை, விளக்கு, பாத்திரம், சமையல்காரர் எல்லாம் அவரோடேயே வந்து சேரும். கட்டடம் தர வேண்டியது சுவரும் கூரையும்தான். இன்றைக்கும் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சோலார் விளக்கு இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். சுவர் வைத்த கூடாரத்துக்குப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டால் தயாரிப்பு சரியாக அமையும்.

அனுமதி தரக்கூடியவர் மாவட்ட வன அலுவலர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, உரிகம் சரகங்கள் ஓசூர் வனக்கோட்டத்தில் வருகின்றன. பென்னாகரம், பாலக்கோடு, ஒகேனக்கல் சரகங்களுக்குத் தருமபுரியும், தீர்த்தமலைப் பக்கத்துக்கு அரூரும். நீங்கள் பாலக்கோட்டுக்காரர் என்றாலும் அஞ்செட்டிப் பக்கம் போக ஓசூருக்குத்தான் எழுத வேண்டும். மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். தங்கும் தேதி, ஆறு பேரின் பெயர், வயது, ஆதார் நகல், வண்டி எண், ஓட்டுநர் பெயர், ஊரில் இருக்கும் ஒருவரின் போன் எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கையெழுத்தான உத்தரவையும் கட்டண ரசீதையும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். ஒன்று செக்போஸ்ட்டில் கேட்பார்கள், இன்னொன்று பங்களாவைக் காவல் காக்கும் வாட்சரிடம் போகும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், "சாவி நம்ம ஆளிடம் இருக்கிறது, நேராகப் போங்கள்" என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். இந்தப் பகுதியில் பெரும்பங்கு காடு இப்போது சரணாலயமும்கூட: காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டன. அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. மாட்டினால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். சாவி கொடுத்த தினக்கூலி வாட்சருக்கு வேலையே போகும். தங்க அனுமதி வேறு, காட்டுக்குள் நடக்க அனுமதி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். நடக்க ஆசையிருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். 2018 குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன.

அதிகாரி முகாம் வந்தாலோ, யானைக் கூட்டம் பக்கத்தில் இறங்கினாலோ, தீ பிடித்தாலோ கடைசி நாளில்கூட அனுமதி ரத்தாகும். அதற்காக யாரோடும் மல்லுக்கட்டிப் பயனில்லை. ஓசூரிலோ ஒகேனக்கல்லிலோ ஒரு மாற்று இடம் பார்த்து வையுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் மண்பாதை சேறாகிக் கார் புதையும். மாசி பிறந்துவிட்டால் இலையெல்லாம் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும், அனுமதியும் கிடைக்காது. நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் தை. ஆனால் அதே தையில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று குளிர். பெட்டமுகிலாளம் போன்ற மேட்டுப் பகுதியில் விடியற்காலை ஒரு போர்வை போதாது, அம்மாவுக்கு இரண்டு கம்பளியும் காலுறையும் வேண்டும். இன்னொன்று யானை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் ஐப்பசி வாக்கில் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்குகின்றன. ராகி கதிர் முற்றும் பருவம் அது. அறுவடை முடிந்தபின்னும் தை வரைக்கும் கூட்டங்கள் இந்தக் காடுகளில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே மாலை 4 மணிக்கெல்லாம் பங்களாவில் இருக்க வேண்டும். பெட்ரோலைத் தேன்கனிக்கோட்டையிலேயே நிரப்பிவிடுங்கள். தரை தாழ்ந்த கார் வேண்டாம், ஜீப் வகை வண்டி நல்லது. போய்ச் சேர்ந்ததும் வண்டியின் முகம் வெளியே பார்க்கும்படி, வாசலை ஒட்டி நிறுத்துங்கள். இருட்டில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

பங்களாவைச் சுற்றி யானை அகழி வெட்டியிருக்கலாம். அதை முழுசாக நம்ப வேண்டாம். மழையில் கரை சரிந்த இடத்தில் யானை மண்ணைத் தள்ளி இறங்கிவிடும். உங்கள் கார் நுழைந்த வழியே அதற்கும் வழிதான். யானையைக் கட்டடத்துக்கு அழைப்பது பெரும்பாலும் வாசனை. உப்பு, அரிசி, வெல்லம், ராகி மாவு இருக்கும் சமையலறைச் சுவரை யானை இடிப்பது காட்டோர ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். பொங்கல் முடிந்து போகிறீர்கள், கட்டாயம் யாராவது ஒருவர் கரும்புக் கட்டையும் வாழைத்தாரையும் வண்டியில் ஏற்றப் பார்ப்பார். இரண்டும் வேண்டாம், பலாவும் வேண்டாம். கொண்டுபோகிற கொஞ்ச மளிகையை இறுக மூடும் எவர்சில்வர் தூக்கில் போட்டு, நீங்கள் படுக்கும் கட்டடத்தில் வைக்காமல் வாட்சர் காட்டும் இடத்தில் வையுங்கள். அந்த பங்களாவில் எது பாதுகாப்பான இடம் என்று அவருக்குத்தான் தெரியும்.

ராத்திரி கிளை முறியும் சத்தம் கேட்டால் கதவைத் திறக்காதீர்கள். ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி உட்காருங்கள். டார்ச், போன் வெளிச்சம், போட்டோ, கூச்சல், பட்டாசு எதுவும் கூடாது. தொந்தரவு செய்யாவிட்டால் மேய்ந்துவிட்டுத் தன் வழியில் போய்விடும். பையனுக்கு இதை முதல் நாளே சொல்லிப் பழக்குங்கள். அந்த நேரத்தில் சொன்னால் பயப்படுவான்.

யானையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ராத்திரியில் உண்மையான ஆபத்து தரையில்தான் அதிகம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தொங்குவது, பேச்சு குழறுவது என்று தொடங்கும். பழைய கட்டடத்தில் சோற்றுப் பருக்கை சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் சாப்பிட்ட இடத்தை உடனே பெருக்கித் துடைப்பது சுத்தத்துக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. முடிந்தவரை எல்லோரும் கட்டிலில் படுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். வலை தொங்கிக்கொண்டு இருந்தால் கொசுவைத் தடுக்கலாம், பாம்பைத் தடுக்காது. செருப்பை வெளியே விடாதீர்கள். காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.

கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் தனியாக இருந்தால் அம்மாவை ராத்திரி அங்கே அனுப்பவே வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் மடக்குக் கமோடு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோனால் அந்தக் கவலை தீர்ந்தது. அவருடைய பிரஷர், சுகர் மாத்திரைகள் இரண்டு நாளுக்கு அதிகமாகவே இருக்கட்டும், இரண்டு வேறு பையில்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றுங்கள். 108-க்கு போன் எடுக்காத இடத்தில் உங்கள் வண்டிதான் ஆம்புலன்ஸ். ஆகவே ஓட்டுகிறவர் அன்று குடிக்கவே கூடாது. புறப்படும் முன் தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை ஆட்களிடம் வயர்லெஸ் இருக்கிறதா, இரவில் அது யார் கையில் இருக்கும் என்பதையும் போய்ச் சேர்ந்தவுடனே கேளுங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர். ஆறு பேருக்கு ஒரு ராத்திரியும் மறுநாள் காலையும் சேர்த்து 20 லிட்டர் கேன் இரண்டு போதும். குளிக்க, கழுவத் தொட்டித் தண்ணீர் இருக்கிறதா என்று முன்கூட்டியே வாட்சரிடம் விசாரியுங்கள். கேன் தீர்ந்து கிணற்று நீரைக் குடிக்க நேர்ந்தால் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

சமையலைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறும் சப்பாத்தியும் கொண்டுபோய் 6.30-க்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம். காலை உப்புமாவுக்கு முக்கால் கிலோ ரவை, 5 கிலோ சின்ன சிலிண்டர், ஒற்றை பர்னர். விறகு பொறுக்கப் போகாதீர்கள், காய்ந்த சுள்ளியை எடுப்பதும் வனப்பொருள் எடுப்பதுதான். ஆளுக்கொரு தலைவிளக்கு வாங்குங்கள். கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வாளியும் தூக்க முடியாது.

இனிக் கட்டடம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். ஆணி இறங்கினால் பூச்சு பாளமாக விழும், இன்று அதை அதே பக்குவத்தில் பூசித்தரக் கொத்தனார் கிடைப்பது அரிது. மேலே மங்களூர் ஓடு. இந்த ஓட்டை 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் செய்யத் தொடங்கியது, பிறகு தென்னிந்தியா முழுக்கப் பரவியது. ஓடுகள் ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு ரீப்பர் என்ற மரச்சட்டத்தில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். குரங்கு குதித்தால் ஒரு ஓடு நகரும், அந்த இடுக்கில் ஒழுகும். ஒழுகினால் கட்டிலை நகர்த்துங்கள், யாரும் கூரையில் ஏறிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். குரங்கு வரக் காரணமே நாம் போடும் பிஸ்கட்டுதான் என்பதைப் பையனுக்குச் சொல்லிவையுங்கள். இந்தக் கட்டடங்கள் இன்னும் நூறு வருஷம் நிற்கத் தகுந்தவை. கெடுப்பது பெரும்பாலும் தங்க வருகிறவர்களின் ஆணியும் அடுப்புமாகத்தான் இருக்கிறது.

கணப்பு, அதாவது சுவரோடு சேர்த்துக் கட்டிய குளிர்காயும் அடுப்பு, இருந்தால் குளிரில் அதை மூட்டத் தோன்றும். முதலில் பகலிலேயே புகைபோக்கியின் வாயைக் கவனியுங்கள். தேனீ போய் வந்துகொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். புகை பட்டால் மலைத்தேனீ கூட்டமாக இறங்கிக் கொட்டும், அது உயிருக்கே ஆபத்து. தேனீ இல்லையென்றால் வாட்சர் சம்மதத்தோடு ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் அடியில் காட்டுங்கள். புகை மேலே இழுபட்டால் குழாய் திறந்திருக்கிறது. அறைக்குள் திரும்பினால் பறவைக்கூடோ கரியோ அடைத்திருக்கிறது, மூட்டாதீர்கள். மூட்டினாலும் ஒரு ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், படுக்கப் போகும் முன் அணைத்துவிட வேண்டும். கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது மட்டும் ஒருபோதும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெளியே கேம்ப் ஃபயர் கேட்கவே கேட்காதீர்கள்.

கிளம்பும்போது கணப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் ஊற்றுங்கள். குப்பை, டயபர், நாப்கின் எல்லாம் உங்களோடே திரும்பி வரட்டும். அங்கே உள்ள கழிவுக்குழி சின்னது, ஒன்று அடைத்தாலும் அடுத்து வருகிறவர்களுக்குக் கழிப்பறை இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒழுகிய ஓடு, கழன்ற தாழ்ப்பாள் என்று கண்ணில் பட்டதை எழுதிவையுங்கள், பழுதுக்குப் பணம் கேட்க வாட்சருக்கு அது உதவும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் உடம்பை ஒருமுறை சோதியுங்கள். காது மடிப்பு, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கும். நுனி மழுங்காத இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், குறிப்பாக உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டாற்போல் கறுத்த புண் தெரிந்தால், காட்டில் தங்கிவந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புதர்ச் சிற்றுண்ணியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் அப்படித்தான் தொடங்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.