முடி கொட்டுவதற்குக் காரணம் தெரிய என்னென்ன ரத்தப் பரிசோதனைகள் எடுக்க வேண்டும்?

27 வயதுப் பெண், சில மாதங்களாகத் தலை முழுவதும் முடி கொட்டுகிறது, எண்ணெய், ஷாம்பு எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று, இப்போது எண்பது பரிசோதனைகள் அடங்கிய பேக்கேஜ் ஒன்றை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்களுக்கு வேண்டியது மூன்றோ நான்கோதான். நான் மருத்துவர் இல்லை. லேபில் ரத்தம் எடுக்கிற, மெஷினில் ஓட்டுகிற வேலை என்னுடையது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், எல்லா முடி உதிர்வுக்கும் ரத்தத்தில் பதில் இருக்காது. ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறுவதும் உச்சி தெரிவதும் பரம்பரை வழுக்கை. அவர்களுக்கு ஹார்மோன் பரிசோதனை பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும், ஏனென்றால் சிக்கல் ஹார்மோனின் அளவில் இல்லை, முடியின் வேர் அதற்குக் காட்டும் கூருணர்வில் இருக்கிறது. அதை அளக்க எந்தக் குழாயும் எங்களிடம் இல்லை. காசு அளவில் வட்டமாகச் சொட்டை விழுந்தால் புழுவெட்டாக இருக்கலாம். தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தழும்பு போலத் தோல் வழவழப்பாகி முடி போனால் அங்கே தேவைப்படுவது தோலின் சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்சி, அதுவும் தாமதிக்காமல்.

உங்களுடையதைப் போல வகிடு, பக்கம், பின்பக்கம் என்று எங்கும் பரவலாகக் கொட்டுவதுதான் ரத்தப் பரிசோதனைக்கு உரிய வகை. அதிலும் ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: கொட்டத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் என்ன நடந்தது? டெங்கு, சிக்குன்குனியா போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து எடை இறக்கியது, இவற்றில் ஏதாவது? உடல் அடிவாங்கும்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். விழுவது மாதங்கள் கழித்துத்தான். அதனால்தான் காய்ச்சலை மறந்துவிட்டு போர் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இனி பரிசோதனைக்கு வருகிறேன். முழு ரத்த எண்ணிக்கையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்து எடுங்கள். முன்னது ஊதா மூடிக் குழாய், பின்னது மஞ்சள் மூடிக் குழாய். ஒரே ஊசியில் முடிந்துவிடும், வெறும் வயிறு கட்டாயமில்லை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு “ரத்தம் நன்றாக இருக்கிறது” என்று எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் ரிப்போர்ட் நினைவுக்கு வருகிறது. ஹீமோகுளோபின் 12.2, பெண்களுக்கான 12 என்ற வரம்புக்கு மேலே. ஃபெரிட்டின் 8. அடுப்பில் சோறு வேகிறது, குதிரில் நெல் இல்லை. உடல் தன் சேமிப்பைச் சுரண்டி ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருந்தது, முடிக்கு மிஞ்சவில்லை.

ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இறங்கினால் இரும்புச் சேமிப்புத் தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் அளவு. முடிக்கு 40-க்கு மேல் இருக்கட்டும் என்று பல தோல் மருத்துவர்கள் நினைக்கிறார்கள். இந்த எண்ணைப் பற்றி ஆய்வுகளில் ஒருமித்த கருத்து இல்லை. 18 என்று வந்து, ரிப்போர்ட்டில் சிவப்புக் குறி இல்லையென்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது மட்டும் எடுக்காதீர்கள். அப்போது ஃபெரிட்டின் தானாக ஏறி, இல்லாத சேமிப்பை இருப்பதாகக் காட்டும். விலை குறைவு என்று சீரம் அயர்ன், அதாவது அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடும் இரும்பு, மட்டும் எடுப்பதும் வீண். அது சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி ஆடும்.

அடுத்தது தைராய்டு, அதாவது அதைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. முடிக்காக என்று கடையில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகள் 5, 10 மில்லிகிராம் அளவில் வருகின்றன. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையோ 30 மைக்ரோகிராம்தான். 10 மில்லிகிராம் என்பது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். பல மெஷின்களின் பரிசோதனை முறையே பயோட்டினைப் பயன்படுத்துவதால், ரத்தத்தில் மிதக்கும் மாத்திரை கணக்கைக் குழப்பிவிடுகிறது. டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் பொய்யாகக் கூடும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு அது மிகையாகச் சுரப்பதாக ரிப்போர்ட் வரும். குறைவாகச் சுரப்பவருக்கு நார்மல் என்றும் வரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். “மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்று நான் கேட்டால் “இல்லை” என்றுதான் பலரும் சொல்கிறார்கள்; சத்து மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை!

சைவ உணவுக்காரர், அல்லது நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால் பி12 பார்க்கலாம். வைட்டமின் டி பார்ப்பதும் தவறில்லை, ஆனால் இத்தனை வெயிலிலும் வருகிற பெரும்பாலோருக்கு அது குறைவாகவே வருகிறது. குறைந்தால் சரி செய்யுங்கள், முடி கொட்டியதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது, முகவாயில் ரோமம், தீராத முகப்பரு என்றால் டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் போன்றவற்றை மகப்பேறு மருத்துவர் எழுதித் தருவார். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லாமல் இவற்றை எடுத்தால் பணம்தான் நஷ்டம். மற்றபடி கன உலோகம், உணவு ஒவ்வாமை என்று பேக்கேஜில் வருபவை எல்லாம் பட்டியலை நீட்டுவதற்காக. எண்பது பரிசோதனை எடுத்தால் ஒன்றிரண்டாவது வரம்புக்கு வெளியே நிற்கும். பிறகு அந்த ஒன்றின் பின்னால் அலைவீர்கள்.

ரிப்போர்ட் வருவதற்கு முன்பே இரும்பு மாத்திரையை விழுங்கத் தொடங்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபைச் சுமப்பவர்களுக்கு ரத்த அணுக்கள் சிறியதாகத் தெரியும், ஆனால் இரும்பு போதுமான அளவு இருக்கும். அவர்களுக்கு மாத்திரையால் பயனில்லை. இரும்பு உண்மையாகவே குறைந்திருந்தால், எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்கள் வயதில் முதலில் பார்க்க வேண்டியது மாதவிடாய்ப் போக்கு. கேள்வியில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எத்தனை நாள், எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.