கால்பந்து நண்பர்களிடம் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று சொல்லலாமா?

கேள்வி கேட்டவர் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு ரசிகர் கூட்டத்தோடு சேர்ந்து மேட்ச் பார்க்கிறாராம். பொதுத்தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று அவர்கள் கேட்கிறார்களாம். சொல்லிவிடலாமா, மழுப்பிவிடலாமா என்கிறார்.

அந்த இரண்டு வரியிலேயே உங்கள் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அந்தக் கூட்டத்தில் நம் ஊர் ஆள் நீங்கள் ஒருவர்தான். அவர்களோடு ஒருவராக உட்கார ஓர் இடம் கிடைப்பதற்குப் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பதிலால் அது போய்விடுமோ என்ற பயம். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். எனக்கு அந்தப் பயம் பதினோரு வருடம் இருந்தது, அதனால் சொல்கிறேன்.

சொல்லிவிடுங்கள். ஆனால் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். 2009ல் லண்டன் வந்ததிலிருந்து ஈஸ்ட் ஹாமில்தான் குடியிருக்கிறேன். ரயில் நிலையத்தில் டிக்கெட் வாயில் பக்கம் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்து கிளப்பின் பழைய மைதானமான போலின் கிரவுண்டு அப்போது கிரீன் ஸ்ட்ரீட்டில் இருந்தது, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஜன்னல் திறந்திருந்தால், கோல் விழுந்த சத்தம் எங்கள் அடுப்படி வரை வரும். அந்தச் சத்தம்தான் என்னை இழுத்தது. 2013ல் சீசன் டிக்கெட் வாங்கினேன். 2016 மே 10 அன்று அங்கே கடைசி மேட்ச், மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று ஜெயித்துவிட்டு, ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கும் ஒலிம்பிக் மைதானத்துக்கு மாறினோம். எங்கள் வரிசை ஆட்கள் ஆறு பேரும் அங்கேயும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகவே கேட்டு வாங்கிக்கொண்டோம்.

ஆறு பேரில் மூத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். ஈஸ்ட் ஹாமில் பிறந்து வளர்ந்தவர். டேகன்ஹாம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2002ல் அங்கே கார் பூட்டும் வேலை நின்றது. அதற்கு முன்பே எசெக்ஸில் இருக்கும் பேசில்டனுக்குக் குடிபோய்விட்டார். வெஸ்ட் ஹாமின் பழைய ரசிகர்களில் எத்தனையோ குடும்பங்கள் இப்படி எசெக்ஸுக்குப் போனவைதான். முதல் சீசனில், டிசம்பர் குளிரில் நான் ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு நின்றதைப் பார்த்துத் தன் கழுத்தில் இருந்த கம்பளித் துண்டைக் கழற்றி எனக்குச் சுற்றிவிட்டார். திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. ஒயின் சிவப்பும் நீலமுமான அந்தத் துண்டில் ஒரு ஓரம் பிரிந்து, என் மனைவி வேறு நூலால் தைத்திருக்கிறாள். 2023 ஜூன் 7, பிராகில் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்கு எதிரான ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், 90ஆவது நிமிடம் எங்கள் போவன் கோல் அடித்தபோது டிவி முன்னால் அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். 1980க்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது.

இவ்வளவு நெருக்கத்திலும் அரசியல் பேசினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். "அது உங்க ஊர் விஷயம்" என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடிப்பேன்.

என் ஊர் விஷயமும்தான் அது. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால், பிரிட்டிஷ் குடியுரிமை வாங்காமலே பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். வந்த புதிதிலேயே கவுன்சிலில் இருந்து படிவம் வந்தது, நிரப்பி அனுப்பினேன். 2010, 2015, 2017, 2019, 2024 என்று ஐந்து பொதுத்தேர்தலில் போட்டிருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் போட்டேன். என்னோடு வேலை பார்த்த போலந்துக்காரருக்கு அதில் ஓட்டு இல்லை.

குடியுரிமை வாங்காதவனுக்கு எதற்கு ஓட்டு என்று கீழே ஒருவர் நிச்சயம் கேட்பார். சட்டம் கொடுத்திருக்கிறது. பதினைந்து வருடமாக வரி கட்டுகிறேன். பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். சட்டத்தை மாற்றினால் கட்டுப்படுவேன், அதுவரை போடுவேன்.

ஓட்டு என்றதும் இன்னொன்று நெஞ்சில் நிற்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், ஆனால் நேரில் போய்த்தான் போட வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. 2024 ஏப்ரல் 19 தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. முந்தின நாள் இரவு நான் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜெர்மனியின் லெவர்குசன் அணியோடு நடந்த மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன், 1-1 டிரா ஆகி யூரோப்பா லீக்கிலிருந்து வெளியேறினோம். காலையில் தங்கை மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஓர் ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுக்கிற வசதி எனக்கு இல்லை. பிறந்த மண்ணில் இருக்கிற உரிமையைப் பயன்படுத்த முடியவில்லை, பிழைக்க வந்த இடத்தில் தெருக்கோடியில் பெட்டி வைத்துக் கூப்பிடுகிறார்கள். தபால் ஓட்டு கொண்டு வரப்போவதாக எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்!

சரி, இங்கே பொதுத்தேர்தல் நடந்த 2024 ஜூலை 4க்கு வருகிறேன். அன்று வியாழக்கிழமை. இங்கே தேர்தலுக்கு விடுமுறை கிடையாது, காலை 7 முதல் இரவு 10 வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். மதிய ஷிப்ட் என்பதால் ஏழேகாலுக்கே போய்விட்டேன். எங்கள் வாக்குச்சாவடி ஓர் ஆரம்பப் பள்ளிக் கூடம். நடையில் குழந்தைகளுக்காக முழங்கால் உயரத்தில் வரிசையாகக் கை கழுவும் குழாய்கள், சுவரில் காகிதத்தில் வெட்டி ஒட்டிய மீன்கள். போட்டோ அடையாளம் கேட்ட முதல் பொதுத்தேர்தல் அதுதான், இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். நூலில் கட்டிய பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. விரலில் மை கிடையாது, வெளியே வந்தால் போட்டதற்கு அடையாளமே இல்லை.

அதற்கு முந்தைய வாரமே எங்கள் வாட்ஸ்அப் குழு நாறிப்போயிருந்தது. அப்போது லேபர் கட்சித் தலைவராக இருந்த ஸ்டார்மர், இன்னொரு லண்டன் அணியான ஆர்சனலின் ரசிகர். "ஆர்சனல்காரனுக்கா ஓட்டுப் போடப் போகிறீர்கள்" என்று ஒருவர் வேடிக்கையாக ஆரம்பித்தார். நாற்பது செய்தி தாண்டுவதற்குள் ஒருவர் இன்னொருவரின் மனைவியை இழுத்துவிட்டார், அவர் குழுவை விட்டே போய்விட்டார். நேரில் என்றால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது. வாட்ஸ்அப் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

கால்பந்தில் அரசியல் எதற்கு என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நாங்கள் உட்காரும் மைதானமே அரசியல் முடிவு. 2013ல், போரிஸ் ஜான்சன் லண்டன் மேயராக இருந்தபோது, 99 வருடக் குத்தகைக்கு, வருடம் 25 லட்சம் பவுண்டு வாடகைக்கு வெஸ்ட் ஹாமுக்குக் கொடுத்தார்கள். ஓட்டப்பந்தய மைதானத்தைக் கால்பந்துக்கு மாற்ற 32.3 கோடி பவுண்டு ஆனது. கிளப் கொடுத்தது 1.5 கோடி, மீதியில் பெரும்பகுதி பொதுப் பணம். அணிக்கு நல்லது என்று எங்கள் கூட்டத்திலேயே பாதிப் பேர் கை தட்டினோம். அதே பணத்தில் எத்தனை வீடு கட்டியிருக்கலாம் என்று ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாமில் வாடகை கொடுத்துத் தேய்கிற எனக்குத் தெரியும். இதைப் பேசாமல் கோல்கீப்பரைப் பற்றி மட்டும் பேசு என்றால் எப்படி?

ஜூலை 6, சனிக்கிழமை. யூரோ கோப்பை காலிறுதி, இங்கிலாந்தும் சுவிட்சர்லாந்தும். பேசில்டனில் பெரியவர் வீட்டில் கூடினோம். அவருடைய மனைவி எல்லாருக்கும் பன்றி இறைச்சி சாண்ட்விச், எனக்கு மட்டும் தனித் தட்டில் முட்டை சாண்ட்விச் வைத்திருந்தார், எப்போதும் போல.

அவர்கள் ஊர் இருக்கும் தெற்கு பேசில்டன், கிழக்கு தர்ரக் தொகுதியில் திரும்பத் திரும்ப எண்ணி, முந்தின நாள்தான் முடிவு சொல்லியிருந்தார்கள். வெளியாட்கள் குடியேறுவதைக் குறைக்க வேண்டும் என்கிற ரிஃபார்ம் கட்சி லேபரை 98 ஓட்டில் ஜெயித்திருந்தது. வெறும் 98. இடைவேளையில் பெரியவரின் மகள் ஆரம்பித்தாள். லேபருக்குப் போடலாம் என்று இருந்தாளாம், வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது என்று போகாமல் விட்டுவிட்டாளாம். "98 பேர்ப்பா, நம்ம ஸ்டாண்டுல நம்ம பிளாக்குல அதை விட நிறைய பேர் இருக்காங்க" என்றாள்.

பெரியவர் தான் ரிஃபார்முக்குப் போட்டதைச் சொன்னார். முட்டி ஆபரேஷனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார். பேரன் முப்பது வயதிலும் அவர் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். லேபர், கன்சர்வேடிவ் என்று இரண்டு கட்சிக்கும் மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டேன் என்றார். ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், இடம் எங்கே என்றார். எனக்குச் சுருக்கென்றது.

வழக்கம்போல் டீ கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். அன்று முடியவில்லை. நான் லேபருக்குப் போட்டேன் என்றேன். என் மனைவியும் ஓர் ஆபரேஷனுக்காக எட்டு மாதமாகக் காத்திருக்கிறாள், இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருக்கும் வரிசையில் 76 லட்சம் பதிவு இருக்கிறது, அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும், அந்த ஆட்களில் பாதிப் பேர் என்னைப் போல வந்தவர்கள் என்றேன். பாதி என்றது கோபத்தில் வந்தது, கணக்குப் பார்த்துச் சொன்னது கிடையாது.

அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு இங்கே ஓட்டு இருக்கா?" என்றார்.

ரிஃபார்முக்குப் போட்டதைவிட அந்தக் கேள்விதான் என்னை வலித்தது. பதினோரு வருடம் தோளோடு தோள் உட்கார்ந்தவர், என்னை ஓட்டில்லாத ஆளாகவே நினைத்திருக்கிறார். 2010லிருந்து இருக்கிறது என்றேன். ஐந்து தேர்தலையும் சொன்னேன். பிரெக்ஸிட்டையும் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். "ஒரு தடவை கூட நீ சொன்னதில்லையே. பக்கத்துலதானே இருந்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது. அவருக்கும் வலித்திருக்கிறது என்று எனக்கு உறைக்கச் சில நொடி ஆனது. நான் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்? ஓட்டுப் போட்டுவிட்டு, போடாதவன் மாதிரி நடித்தது நான்.

அதற்குள் இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது. 75ஆவது நிமிடம் சுவிட்சர்லாந்தின் எம்போலோ கோல், 80ல் எங்கள் சாகா சமன் செய்தான். கூடுதல் நேரமும் போய், பெனால்டியில் 5-3 என்று ஜெயித்தோம். எல்லாரும் குதித்தார்கள். பெரியவர் மற்ற நாலு பேரையும் கட்டிக்கொண்டார், என் தோளில் கை வைத்து எடுத்துவிட்டார். கிளம்பும்போது "சரி, பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான். ரயிலில் வரும்போது, பேசாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் திரித்துவிடக் கூடாது. ரிஃபார்முக்குப் போட்டவர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்சியின் பேச்சு என் பிள்ளைகளைப் பள்ளியில் உரசுகிறது, அதை மறைக்கவும் மாட்டேன். அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும், அந்தக் கட்சியையும் தெரியும். இரண்டையும் ஒன்றாக்க என்னால் முடியவில்லை.

ஆறு வாரம் ஒரு செய்தி கூட இல்லை. ஆகஸ்ட் 17, சீசனின் முதல் மேட்ச், ஆஸ்டன் வில்லா. அவர் வருவாரா, இருக்கையை மாற்றிக்கொண்டிருப்பாரா என்று ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையத்திலிருந்தே மனசு அடித்துக்கொண்டது. போனால் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்கும் என்று காலை நீட்டி வைத்திருந்தவர், எனக்கு வழிவிட மடக்கினார். அரை மணி நேரம் ஆட்டத்தைத் தவிர ஒன்றும் பேசவில்லை. எங்கள் பக்கேட்டா பெனால்டி போட்டு 1-1 ஆனதும் எழுந்து கத்தினோம். உட்காரும்போது கேட்டார், "நீ எங்கே போய் ஓட்டுப் போடுவே?"

பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படித்த பள்ளியாம் அது. ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனாராம்.

"நடையில இருந்த குழாய் எல்லாம் இன்னும் அவ்வளவு தாழ்வாவா இருக்கு?" என்றார்.

முழங்கால் உயரம்தான் என்று கையை வைத்துக் காட்டினேன். அன்று 2-1 என்று தோற்றோம்.