விடையை விடுங்க, வந்த மெயிலைக் காட்டுங்க

வணக்கம் சார்,

மெயில்ல வர்ற புதிர் விளையாட்டு பத்தி நீங்க எழுதினதைப் படிச்சுட்டுதான் நானும் சேர்ந்தேன். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. ஆபீஸ்ல கூட வேலை பாக்கற வில்லியனூர் அக்கா ஒருத்தங்க, காரைக்கால்ல இருக்கற என் சித்தி பொண்ணு, மூணு பேரும் ஆடறோம். ரெண்டாவது மெயில்லயே மாட்டிக்கிட்டேன். மேல பிள்ளையார் சுழி, கீழ நாலே நாலு வரி, அதுக்குள்ள ஒரு ஊர் பேர் இருக்காம். முதல் எழுத்து, கடைசி எழுத்து எல்லாம் சேர்த்துப் பாத்தாச்சு. ஜிமெயில்ல மெயிலோட மூல வடிவத்தைக் காட்டற ஷோ ஒரிஜினல் போய்ப் பாத்தா பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமா கொட்டிக் கிடக்கு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதோட மல்லுக்கட்டினேன், ஒண்ணும் வரல. காலைல எந்திரிச்சா தங்கச்சி வாட்ஸப் குரூப்ல "கடலூர்"னு போட்டுட்டா. சப்புனு ஆயிடுச்சு. எப்படிடீ வந்துச்சுன்னா "சும்மா ஒவ்வொரு ஊரா அடிச்சேன், இது வாங்கிக்கிச்சு"ங்கறா. வீட்டுக்காரர் என்னடான்னா அடுத்தவங்களைக் கேட்டுப் போடறது பிட் அடிக்கறதுதானேங்கறார். கூட்டா ஆடலாமா கூடாதா, நீங்களே சொல்லுங்க.

முத்தியால்பேட்டை வாசகி

வணக்கம்மா,

தாராளமா ஆடலாம். ஆனா உங்க குரூப்ல ஒருத்தர் விடையை மட்டும் போட்டாங்க, மத்த ரெண்டு பேர் அதைப் பாத்தாங்க, அவ்வளவுதான் நடந்திருக்கு. யாரும் யாரோடதையும் வச்சு ஒப்பிட்டுப் பாக்கவே இல்லையே. அந்த ரவுண்டு முடிஞ்சுபோச்சு, அதனால இங்கயே உடைச்சுச் சொல்றேன், ஓடிட்டிருக்கறதுன்னா வாயே திறக்க மாட்டேன்.

படிக்கற மத்தவங்களுக்காக அந்த மெயில் இதுதான்:

௨
முகம் பாத்து ரொம்ப நாளாச்சு.
படகுல போலாம்னு பசங்க சொல்றாங்க.
வேலூர் அத்தையும் வர்றாங்க.
ஊர் வந்ததும் போன் பண்ணு.

மேல இருக்கறதைப் பாத்ததும் எல்லாருக்கும் கை தானா தாண்டிப் போயிடும். நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகைல இருந்து மளிகை லிஸ்ட் வரைக்கும் உ போட்டுத்தானே ஆரம்பிக்கறோம், அதை யாரு படிக்கறா. திருப்பாதிரிப்புலியூர்ல அச்சாபீஸ்ல புரூஃப் பாக்கற நண்பர் ஒருத்தர் எங்க குரூப்ல இருக்கார், அவர் வேற எதுக்கோ மெயிலுக்குள்ள உ னு தேடியிருக்கார், மேல இருக்கற உ மாட்டவே இல்லையாம். ஏன்னா அது எழுத்து உ இல்ல, தமிழ் எண் ௨. அதாவது ரெண்டு. பழைய தமிழ் எண்கள்ல இந்த வம்பு நிறைய உண்டு, ஒண்ணு க மாதிரி இருக்கும், ஏழு எ மாதிரி, எட்டு அ மாதிரி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சரி ரெண்டுன்னா? ஒவ்வொரு வரிலயும் ரெண்டாவது எழுத்து. முகம்ல க, படகுல ட, வேலூர்ல லூ, ஊர்ல ர். முடிஞ்சுது.

இப்ப நீங்க ராத்திரி மல்லுக்கட்டின அந்தக் குப்பைக்கு வர்றேன், எனக்கு உங்க கடிதத்துல ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான். அது புதிர் இல்லம்மா, புதிர் வந்த கவர். மெயில் கண்டுபிடிச்ச காலத்துல அது வெறும் இங்கிலீஷ் எழுத்தைத் தூக்கிட்டுப் போறதுக்குன்னு பண்ணினது, அதனால இன்னிக்கும் தமிழ்ல எழுதினா பெரும்பாலும் அதை பேஸ் 64ங்கற முறைல மாத்தி, இங்கிலீஷ் எழுத்து, நம்பர், ப்ளஸ், சாய்கோடுன்னு ஆக்கித்தான் அனுப்பும். எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் வச்சிருக்கற யூனிகோடை மெயில்ல வழக்கமா யூடிஎஃப்-8ங்கற முறைல எழுதுவாங்க, அதுல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் (கால், கொம்பு, புள்ளியும் தனித்தனிக் கணக்கு) மூணு பைட். பேஸ் 64 மூணு பைட்டை நாலு எழுத்தாக்கும். அதனால தமிழ் எது வந்தாலும் அங்க நாலு, பெரிய கே, ஆறுன்னோ இல்ல நாலு, பெரிய கே, ப்ளஸ்னோதான் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கும், நடுவுல ஸ்பேஸ் மாதிரி ஏதாவது வந்தா மட்டும் வரிசை கொஞ்சம் நகர்ந்து வேற மாதிரி தெரியும். இதைப் பாத்த உடனே "ஓ, தமிழ், சுத்தி வச்சிருக்கான்"னு பிரிச்சுட்டுப் போயிடணும், உடைக்க ஒண்ணும் இல்ல.

ஆனா பாருங்க, பிள்ளையார் சுழியா நிஜமாவே உ போட்டிருந்தா அந்தக் குப்பை நாலு, கே, ஆறு, ஜேனு ஆரம்பிச்சிருக்கும். உங்களுக்கு வந்தது நாலு, கே, ப்ளஸ், சின்ன ஓ. ஷோ ஒரிஜினலைத் திறந்து அந்தக் குப்பையோட முதல் நாலு எழுத்தை மட்டும் பாருங்க, அப்படித்தான் இருக்கும். போன் ஸ்க்ரீன்ல உங்களுக்கும் தங்கச்சிக்கும் அக்காவுக்கும் அது ஒரே உ தான். வேற ஏதாவது சாதாரண மெயில்ல வந்த நிஜ உ வோட குப்பையைப் பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா மூணு பேர்ல ஒருத்தருக்காவது பளிச்னு பட்டிருக்கும்.

நான் ஒப்பிடறதுன்னு சொல்றது இதைத்தான். விடைக்கு விடை ஒப்பிடறதுல பெருசா பிரயோஜனம் இல்ல. கையில இருக்கற பிரதிக்குப் பிரதி ஒப்பிடணும், அப்புறம் யார் எந்த வழில போய் எங்க முட்டி நின்னாங்கங்கறதை ஒப்பிடணும்.

அமெரிக்கால சிஐஏங்கற உளவு நிறுவனத்தோட ஆபீஸ் வளாகத்துல கிரிப்டாஸ்னு ஒரு செப்புச் சிற்பம் இருக்கு, ஜிம் சான்பார்ன் பண்ணது, 1990ல வச்சாங்க. அதுல நாலு பகுதியா சங்கேத எழுத்து. முதல் மூணை என்எஸ்ஏங்கற இன்னொரு அமெரிக்க உளவு அமைப்போட ஆளுங்க 90கள் தொடக்கத்துலயே உடைச்சுட்டாங்க, வெளிய சொல்லல. 1998ல சிஐஏல இருந்த டேவிட் ஸ்டைன் பேப்பர் பென்சில் வச்சு உடைச்சார், அதுவும் உள்ளுக்குள்ளயே இருந்துச்சு. 1999ல ஜிம் கில்லாக்லினு ஒருத்தர் கம்ப்யூட்டர் வச்சு உடைச்சு வெளிய சொன்னார், அப்புறம்தான் மத்ததும் தெரிய வந்துச்சு. ஒரே மலையை மூணு தடவை தனித்தனியா ஏறியிருக்காங்க. சரி, விடையாவது சரியா? ரெண்டாவது பகுதியோட கடைசில "ஐடி பை ரோஸ்"னு (ID BY ROWS) எல்லாருக்கும் வந்துச்சு, அர்த்தம் இருக்கற மாதிரியும் இருக்கு, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. 2006ல சான்பார்னே வந்து, சிற்பத்துல அழகுக்காக நான் ஒரு எழுத்தை விட்டுட்டேன், நிஜத்துல அங்க "லேயர் டூ"னு (ரெண்டாவது அடுக்கு) வரணும்னார். இத்தனை கெட்டிக்காரங்க ஒரே விடைல நின்னும் அது தப்பு, ஏன்னா எல்லார் கையிலயும் இருந்தது அதே ஒரு எழுத்து விட்டுப்போன பிரதி. பத்து பேர் விடை ஒத்துப்போச்சுன்னா சரின்னு அர்த்தம் இல்லம்மா.

இது வெள்ளைக்காரன் சொல்லி நமக்குத் தெரிய வேண்டியதே இல்ல. உங்க வீட்டுல இருந்து ஆட்டோல போற தூரத்துல பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கு, 1955ல ஆரம்பிச்சது. அங்க இருக்கற சைவ ஓலைச்சுவடிகளை 2005ல யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியல்ல சேர்த்தாங்க. சுவடில ஒரு நூலைப் பதிப்பிக்கணும்னா ஒரே நூலோட நாலஞ்சு ஏட்டைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சு எழுத்து எழுத்தா பாப்பாங்க, ஒண்ணுல பூச்சி அரிச்சது இன்னொண்ணுல இருக்கும், ஒருத்தர் கை தவறினது இன்னொருத்தர் ஏட்டுல சரியா இருக்கும். பாடபேதம்னு அடியில குறிச்சு வைப்பாங்க. அதை யாராவது பிட்டுன்னு சொல்வாங்களா? உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, அப்பவும் பிட்டுதான்னா விட்டுடுங்க, வேலையப் பாருங்க.

கூட்டம் சேர்ந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 2001ல நடந்தது ஒண்ணு இருக்கு. ஒரு ஹாலிவுட் படத்துக்கு விளம்பரமா மெயில், போன், வெப்சைட்னு பரவிக்கிடந்த புதிர் ஒண்ணை விட்டாங்க, கிளவுட்மேக்கர்ஸ்னு யாஹூ குரூப்ல ஏழாயிரம் பேருக்கு மேல சேர்ந்து உக்காந்து, மாசக்கணக்குல வரும்னு போட்டு வச்சதை ஒரே நாள்ல காலி பண்ணிட்டாங்கன்னு சொல்வாங்க. அவ்வளவு பெரிய கூட்டம் எனக்கு ஒத்து வராது, பேசவே விட மாட்டாங்க. மூணு நாலு பேர் போதும். ஆனா அந்த நாலு பேரும் வேற வேற ஆளா இருக்கணும், அது முக்கியம்.

உங்க தங்கச்சியையே எடுத்துக்கங்க. முந்தின ரவுண்டுல ஒண்ணு வந்துச்சு: 605, 609, 673, நாலாவது யாரு? எங்க கடலூர் குரூப்ல இதைப் போட்டுக் கூட்டறோம் கழிக்கறோம், பகா எண் பாக்கறோம், ஒருத்தர் ரயில் நம்பர்ங்கறார். காரைக்கால்காரங்க யாராவது இருந்திருந்தா 609 பாத்த உடனே "ஏய் இது நம்ம பின்கோடு"ன்னிருப்பாங்க. 605 புதுச்சேரி, 609 காரைக்கால், 673 மாஹே, அது கோழிக்கோடு பக்கத்து நம்பர். அப்ப மிச்சம் ஏனாம், ஆந்திராக்குள்ள இருக்கறதால 533. ஒரே அரசாங்கம், நாலு ஊர், மூணு மாநிலத்து நம்பர் வரிசை. கடலூர்ல உக்காந்துட்டு 607லயே யோசிச்சா இது வரவே வராது. அதனால தங்கச்சியைத் திட்டாதீங்க, அவங்க குரூப்ல இருக்கறது உங்களுக்குப் பெரிய பலம். ஊர் ஊரா அடிக்கற கையை மட்டும் கொஞ்சம் கட்டிப்போடுங்க.

அப்புறம் ஒப்பிடறப்போ பண்ணக்கூடாதது ஒண்ணு, மெயிலை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஃபார்வர்ட் பண்ணா பழைய ஹெட்டர், அதாவது மெயில் எங்கிருந்து எப்படி வந்துச்சுங்கற விவரம், போயிடும், புதிர் போடறவங்க பாதி விஷயத்தை அங்கதான் ஒளிச்சு வைப்பாங்க. ஸ்க்ரீன்ஷாட்டும் வேஸ்ட், மேல சொன்ன ௨ கதைதான். கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து ஷோ ஒரிஜினல்லயே டவுன்லோட் ஒரிஜினல்னு இருக்கும், அந்த ஃபைலை அனுப்புங்க. படம் வந்திருந்தா வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா போட்டா அமுக்கி, உள்ள இருக்கற தேதி இடம் எல்லாத்தையும் தொடைச்சுட்டுத்தான் அனுப்பும். சில மெயில்ல ஒரே கவருக்குள்ள ரெண்டு பிரதி இருக்கும், கலரா நமக்குத் தெரியறது ஒண்ணு, வெறும் எழுத்தா ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுப்போம். வெறும் எழுத்துப் பிரதில ஒரு வரி கூட இருந்து நான் பாத்திருக்கேன். பிரமாதமான வேலை, போட்டவங்க கையைக் குலுக்கலாம்னு இருந்துச்சு.

விடை சரியா இருந்தும் ஆட்டோ ரிப்ளை வரலன்னா உடனே விடை தப்புன்னு தூக்கிப் போடாதீங்க. கோரிமேடுன்னு அனுப்பினா, கோ ல இருக்கற கொம்பும் காலும் யூனிகோடுல ஒரே குறியாவும் வரலாம், ரெண்டு குறியா பிரிஞ்சும் வரலாம். பழைய ஃபான்ட்ல இருந்து கன்வர்ட் பண்ணி ஒட்டினா சில சமயம் பிரிஞ்சு வரும். பாக்க ஒண்ணுதான், மெஷினுக்கு வேற. போன்ல கையாலயே திரும்ப அடிச்சு அனுப்புங்க, இல்லன்னா அக்காவை அனுப்பச் சொல்லுங்க.

குரூப்ல ஒரு விதி மட்டும் வச்சுக்கங்க, விடை தெரிஞ்சவங்க முதல்ல எந்த மெயில், எந்தப் படி வரைக்கும் வந்தாங்கன்னு மட்டும் சொல்லணும். மத்தவங்க கேட்டா அடுத்த படி. விடையை எழுதியே ஆகணும்னா டெலிகிராமுக்கு மாறிடுங்க, அங்க ஸ்பாய்லர் போட்டு மறைச்சு வைக்கலாம், வேணுங்கறவங்க தொட்டுப் பாத்துப்பாங்க.

இப்ப ஓடற ரவுண்டுக்கு விடை கேட்டு எனக்குத் தனியா மெயில் போடாதீங்க, சொல்ல மாட்டேன். உங்களுக்கு வந்த ஒரிஜினல் ஃபைலை அனுப்பினா என்கிட்ட இருக்கறதோட வச்சுப் பாத்து எந்த வரில வித்தியாசம்னு மட்டும் எழுதறேன்.