மகள் வீட்டில் நான் விருந்தாளியா?

கேள்வி: எனக்கு வயது 63. வேறு கண்டத்தில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறேன். போன தடவை எல்லோரும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்கத் தனிமை. அடுப்பைத் தொடவே பயம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பேன். பேரனும் சரியாக ஒட்டவில்லை. இந்தத் தடவையாவது நம் வீடு மாதிரி இருக்க என்ன செய்யலாம்?

பதில்: முதல் வாரத்தில் வரும் அழுகை, எரிச்சல், பசியின்மை எல்லாவற்றுக்கும் மகளைக் காரணமாக்காதீர்கள். பாதிக்கு மேல் தூக்கக் கோளாறுதான். தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடல் கடிகாரம், புது ஊர் நேரத்தை நோக்கி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகரும். கிழக்கே போனால் இன்னும் சிரமம்.

அதை நகர்த்துவது வெளிச்சம். ஆனால் நேரம் தப்பினால் தப்புத் திசையில் நகரும். கிழக்கே ஆறு மணி நேரம் முந்திய ஊர் என்றால், உங்கள் உடம்பின் அதிகாலை 4 மணி அங்கே காலை 10. அதற்கு முன் படும் வெளிச்சம்தான் தப்புத் திசையில் தள்ளும். முதல் நாள் 10 மணிக்கு முன் வெயிலில் போகாமல், அதற்குப் பிறகு நன்றாக நடங்கள். அடுத்தடுத்த நாள்களில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம். மேற்கே போயிருந்தால் மாலை வெயில் உதவும். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், அதுவும் மூன்று மணிக்கு முன்பே. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் புது நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில், அதன் அட்டையோடு, மருந்தின் ஜெனரிக் பெயர் (கம்பெனி வைத்த பெயரல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) எழுதிய சீட்டோடு இருக்கட்டும்.

அடுத்தது, வீட்டைக் கற்றுக்கொள்வது. மகள் விடுமுறையில் இருக்கும் ஒரு நாளை இதற்கென்றே கேட்டு வாங்குங்கள். அவள் செய்து காட்டினால் போதாது. நீங்கள் செய்ய, அவள் பக்கத்தில் நிற்கவேண்டும். அடுப்பை மூன்று முறை பற்றவைத்து அணையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பென்றால், அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் சூடாகும். கண்ணாடித் தட்டு அடுப்பு அணைத்த பின்னும் கொஞ்ச நேரம் சுடும். புகை அலாரம் கத்தினால் என்ன செய்வதென்று அன்றே கேளுங்கள். பலர் சமையலையே விட்டுவிடுவது ஒருமுறை அது கத்தியதால்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவா என்று பாருங்கள். உங்களுக்கென்று ஒரு சாவி கட்டாயம் வேண்டும். சாவி இல்லாதவர் எந்த வீட்டிலும் விருந்தாளிதான்.

ஊரிலிருந்து மின்சாதனம் கொண்டுபோவதானால் அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். 230 மட்டும் என்றிருந்தால் 120 வோல்ட் உள்ள அமெரிக்கா, கனடாவில் ஒழுங்காக ஓடாது. வீட்டு முகவரி, மகளின் எண், அவசர உதவி எண் (அமெரிக்கா, கனடாவில் 911, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, ஆஸ்திரேலியாவில் 000) மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் இருந்தால், சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் போய்விடும்.

தனிமைக்கு மருந்து, தினமும் உங்களை எதிர்பார்க்கும் ஒரு வேலை. வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டால், நீங்கள் கிளம்பும்போது அவர்களுக்குத்தான் திண்டாட்டம்; உங்களுக்கும் மனத்தாங்கல் வரும். ஒன்று மட்டும், ஆனால் முழுக்க உங்களுடையது: துணி மடிப்பதோ, செடிக்குத் தண்ணீரோ. நடைக்கு ஒரே பாதையில் ஒரே நேரத்துக்குப் போங்கள். பத்தே நாளில் தெரிந்த முகம் நாலைந்து வரும்.

பேரனிடம் முத்தம் கேட்டுத் துரத்தவேண்டாம். குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து செய்யும் வேலையில்தான் ஒட்டும். கிளம்ப ஒரு மாதம் முன்பிருந்தே வீடியோ அழைப்பில் ஒரே கதையைத் தவணையாகச் சொல்லி, மீதியை நேரில் சொல்லுங்கள். அவனைப் பள்ளியிலிருந்து நீங்களே கூட்டிவர விரும்பினால், அழைத்துவர அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கவேண்டுமா என்று மகளைப் பள்ளியில் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாசலில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.