தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் பொருளை வரவழைக்கும் அல்லது செய்யும் ஜஸ்ட் இன் டைம் முறையில் சரக்கைக் குறைப்பதால் ஒரு தொழிற்சாலைக்கு உண்மையில் என்ன லாபம்? சிறிய பட்டறைக்கும் ஒத்துவருமா?

வட்டியும் குடோன் இடமும் மிச்சம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் மூலப்பொருள் தின்னும் பட்டறையில் 30 நாள் சரக்கு கிடந்தால், 30 லட்சம் அங்கே முடங்கிக் கிடக்கிறது. 12 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 3.6 லட்சம் போகிறது. அதை 5 நாள் சரக்காக்கினால் வட்டி 60,000 ரூபாய்தான், 25 லட்சம் கைக்குத் திரும்பும்.

ஆனால் இதைவிடப் பெரிய லாபம் தரத்தில் இருக்கிறது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஒரு புஷ்ஷை, அதாவது தண்டு நுழையும் குழாய் வடிவ உதிரிபாகத்தை, எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 20.000 முதல் 20.021 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். துளையைக் குடையும் வெட்டுமுனையான போரிங் இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் 19.99-க்கு இறங்கிவிடும். 2,000 புஷ்ஷை ஒரே லாட்டாக ஓட்டி அடுக்கிவைத்து, அசெம்பிளி நாளுக்கு 480 எடுக்கிறது என்றால், தண்டு உள்ளே நுழையவில்லை என்ற புகார் நாலைந்து நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் இன்சர்ட்டை மாற்றியிருப்பார்கள், ஷிஃப்ட்டும் மாறியிருக்கும். எந்தப் புஷ்ஷிலிருந்து கெட்டது என்று யாருக்கும் தெரியாது. மீதமுள்ள அத்தனையையும் பிளக் கேஜ் என்ற துளை அளவுகோல் போட்டுப் பொறுக்க வேண்டியதுதான். அதே புஷ் 40, 40 ஆகக் கிரேட்டில் (பெட்டியில்) போனால் அதே ஷிஃப்ட்டில் பிடிபடும். தேய்ந்த இன்சர்ட் இன்னும் மெஷினிலேயே இருக்கும், காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒவ்வொரு கிரேட்டுக்கும் ஒரு கான்பான் அட்டை உண்டு; கிரேட் காலியானதும் அது, அடுத்த கிரேட்டைச் செய் என்ற உத்தரவாக மெஷினுக்குத் திரும்பும். எத்தனை கிரேட் சுற்றில் இருக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நாள் தேவையை, அட்டை கிளம்பி நிரம்பிய கிரேட் திரும்பிவர ஆகும் நாளால் பெருக்குங்கள். பாதுகாப்புக்கு 10 சதவீதம் கூட்டி, ஒரு கிரேட்டின் கொள்ளளவால் வகுங்கள். 480-ஐ அரை நாளால் பெருக்கினால் 240, பத்து சதவீதம் சேர்த்து 264, நாற்பதால் வகுத்தால் 6.6. ஆக 7 கான்பான் அட்டை. சுற்றில் எந்த நேரமும் 280 புஷ்ஷுக்கு மேல் இருக்காது. அட்டை வராமல் ஆபரேட்டர் ஒரு புஷ்கூட ஓட்டக் கூடாது. மெஷின் சும்மா நிற்கிறதே என்று ஓட்டினால் எல்லாம் போயிற்று. ஒரு மாதம் சீராக ஓடிய பிறகு ஓர் அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள். எங்கே அடைக்கிறதோ அங்கேதான் உண்மையான குறை இருக்கிறது. டொயோட்டாவில் தைய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் கான்பானை வளர்த்தெடுத்ததன் சாரமே இதுதான்.

செட்டிங் நேரத்தை, அதாவது ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மெஷினை மாற்றும் நேரத்தை, தொடாமல் லாட்டைக் குறைப்பதுதான் பட்டறைகள் செய்யும் முதல் தவறு. டை (அச்சு) மாற்ற 3 மணி நேரம் பிடிக்கும் பிரஸ்ஸில் சின்ன லாட் ஓட்டினால் நாள் முழுக்க டை மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேரமாக இருந்த மாற்றத்தை ஆலோசகர் ஷிகேயோ ஷிங்கோவின் வழிகாட்டலில் 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு அரை மணி நேரம் வந்தாலே போதும். அடுத்த டை, போல்ட், ஸ்பேனர் எல்லாம் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்துவிட வேண்டும். எல்லா டைகளையும் பேக்கிங் பிளேட் வைத்து ஒரே உயரமாக்குங்கள், கிளாம்ப் போல்ட்டையும் ஒரே அளவாக்குங்கள். தட்டித் தட்டி மையம் பார்ப்பதற்குப் பதில் டை உட்கார வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொடுக்கும் லொகேட்டிங் பின் போடுங்கள்.

இரண்டாவது தவறு, சரக்கைச் சப்ளையர் தலையில் கட்டுவது. பெரிய கம்பெனியின் குடோன் காலியாகி, சின்னப் பட்டறையின் குடோன் நிரம்பினால் அது ஜஸ்ட் இன் டைம் ஆகாது. அந்த வட்டி விலையில் ஏறி எப்படியும் திரும்பி வரும். மாத டிஸ்பேட்ச்சில் பாதி கடைசி வாரத்தில் போகும் தொழிற்சாலை இதை ஆரம்பிக்கவே வேண்டாம். முதலில் தினசரி ஓட்டத்தைச் சமமாக்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் உதிரிபாகம் செய்யும் ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டாவின் பிரேக் வால்வு ஏறக்குறைய முழுக்க அங்கிருந்துதான் வந்தது. கையிருப்போ மிகக் குறைவு. கார் உற்பத்தி நின்றுபோனது. 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அவசரமாக அந்த வால்வைச் செய்துகொடுத்ததால் சில நாட்களில் மீண்டது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப்புகளை 2 முதல் 6 மாதத்துக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் டொயோட்டாவே கேட்டுக்கொண்டது.

ஆகவே எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி போடாதீர்கள். இறக்குமதி, ஒரே சப்ளையர், வர வாரக்கணக்கு ஆகும் பொருள் என்றால் இருப்பு வையுங்கள். இடத்தை அடைக்கும், தினமும் தேவைப்படும், 20 கிலோமீட்டருக்குள் கிடைக்கும் அட்டைப்பெட்டி, காஸ்டிங் மாதிரியானவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, மேலே சொன்ன கணக்கில் வரும் அட்டைகளோடு ஆரம்பித்துப் பாருங்கள். சிறிய பட்டறைக்கு இது தாராளமாக ஒத்துவரும். இதற்குக் கம்ப்யூட்டரோ மென்பொருளோ தேவையில்லை, அட்டையும் கிரேட்டும் போதும்.