எட்டாம் வகுப்பில் நான்காவது பள்ளி: மகனை ஊரில் விட்டுவிடலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். மகன் கேந்திரிய வித்யாலயாவில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இது அவனுக்கு நான்காவது பள்ளி. மறுபடியும் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. "புது இடத்தில் யாரோடும் பழக மாட்டேன்" என்கிறான். ஊரில் என் பெற்றோரிடம் விட்டுவிடலாமா? படைப் பணிக்குத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளியான சைனிக் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பணம் கேட்பவரை முதலில் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சைனிக் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும்தான் சேர்க்கை. இரண்டுக்கும் தேசியத் தேர்வு முகமை நடத்தும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும், பிறகு மருத்துவப் பரிசோதனை. படைவீரர் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடு உண்டு என்பது உண்மை; அந்த ஒதுக்கீட்டுக்கும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். "கர்னல் எனக்கு வேண்டியவர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மாற்றல் உத்தரவு வந்த வீடாகப் பார்த்துத்தான் நுழைகிறார்கள். தாய் பதறிப்போயிருக்கும் நேரம் அவர்களுக்குத் தெரியும். பையனே தானாகத் தேர்ச்சி பெற்றால்கூட "என்னால்தான் கிடைத்தது" என்று மீதித் தொகைக்கு வந்து நிற்பார்கள்.

இனி உங்கள் மகன். பழக மாட்டேன் என்று அவன் சொல்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று முறை நண்பர்களை விட்டு வந்தவன், நான்காவது முறை வலிக்காமல் இருக்க வழி தேடுகிறான். இடம் மாறுவதைவிட, மாறும் விதம்தான் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துகிறது. பல வீடுகளில் கறுப்பு டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பெயரையும் எண்ணையும் வெள்ளை பெயின்டால் புதிதாக எழுதும்போதுதான் பிள்ளைக்கே விஷயம் தெரிகிறது. உங்கள் மகனுக்குத் தேதி, ஊர், பள்ளி எல்லாவற்றையும் இன்றே சொல்லுங்கள். நண்பர்களிடம் முறையாக விடைபெற ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஃபுட்பால் ஆடுகிறவன் என்றால், போய்ச் சேர்ந்த முதல் வாரமே மைதானத்தில் இறக்கிவிடுங்கள். வகுப்பறையைவிட அங்கே வேகமாக ஒட்டிக்கொள்வான்.

படிப்பில் விழும் ஓட்டை வேறு வகை. பழைய பள்ளியில் இனிமேல்தான் நடத்தவிருந்த கணிதப் பாடத்தைப் புதிய பள்ளியில் போன மாதமே முடித்திருப்பார்கள். அது யார் கண்ணிலும் படாது. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் தடுமாறும்போதுதான் வெளியே வரும். ஒவ்வொரு பாடநூலின் பொருளடக்கத்திலும் நடத்தி முடித்த பாடங்களைப் பென்சிலால் குறித்து, அதைப் புதிய வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

ஊரில் விடுவது வேண்டாம். பள்ளியையும் நண்பர்களையும் இழக்கும் பையன் அம்மாவையும் சேர்த்து இழப்பான். இந்தியும் சமஸ்கிருதமும் படித்து வந்தவனை மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற்றினால் பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் எழுத வேண்டியிருக்கும், அதையும் யோசியுங்கள்.

ஒரு விதியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் பிள்ளைக்குத் தரும் பள்ளி மாறும் உரிமை, அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவதற்கு மட்டும்தான். தனியார் பள்ளிகளும் கேந்திரிய வித்யாலயாவும் அதில் அடங்காது. கேந்திரிய வித்யாலயாவுக்குத் தனி விதி இருக்கிறது: பெற்றோரின் மாற்றலால் இன்னொரு கேந்திரிய வித்யாலயாவின் சான்றிதழோடு வரும் பிள்ளையை, வகுப்பு நிரம்பியிருந்தாலும் சேர்க்க அது இடம் தருகிறது. கணவருக்குக் குடும்பத்தோடு தங்க முடியாத எல்லைப் பகுதி கிடைத்தால், நீங்கள் குடும்பத்தைக் குடியமர்த்தும் ஊரிலுள்ள பள்ளியிலும் இதைக் கேட்கலாம். எனவே "இடமில்லை, பார்த்துச் செய்யலாம்" என்று எழுத்தர் இழுத்தால், நேராக முதல்வரிடம் மாற்றல் உத்தரவின் நகலோடு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இடையில் யாரும் தேவையில்லை.

கல்வியாண்டின் நடுவில் உத்தரவு போட்டுவிட்டு, பள்ளி அலுவலகத்துக்கும் யூனிட் அலுவலகத்துக்கும் இடையே தாயை ஓடவிடுவது என்ன முறை? அமெரிக்காவில் படைவீரர் பிள்ளைகள் ஆவணத் தாமதத்தால் பாதிக்கப்படாமலிருக்க மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 50 மாநிலங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. இங்கே ஒவ்வொரு கல்வி வாரியமும் தனித்தனி ராஜ்ஜியம்.

புதிய பள்ளியில் சில வாரங்கள் முகம் சுருங்கியிருப்பது இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டான் என்றால் ராணுவ மருத்துவமனையில் காட்டுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான 'டெலி மானஸ்' எண் 14416-ஐ அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். "உயிரோடு இருக்க வேண்டாம்" என்பது போல அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால், மாதக்கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே அழைத்துப் போங்கள்.